காட்டுத் தீயும் கரிக் கணக்கும்

காடு தீப்பற்றி எரிதலைக் குறித்துத் தமிழ் பயிலும் மாணவர் எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பை விளைக்கலாம். அது வனத்துறையாரும் இரசாயன நூலாரும் ஆராய்தற்குரிய பொருளன்றோ என்று அவர் வினவுவர். ஆயினும், காட்டுத் தீயைத் தமிழ்ப் புலவரைப்போல் நெடுங்காலம் உற்று நோக்கியிருந்தோர் உலகில் சிலரே. வேனிற்காலத்து இரவில் மலைச்சரிவிலே நெளிந்து செல்லும் தீயின் வரிசையும், புனத்தை எரித்துத் தினை விதைத்த குறவர் வாழ்வும், எரியுண்ட கானத்தைக் கடந்து பொருள்தேடிச் செல்லும் தலைவனது துயரும் நம் பழம் பாடல்களில் பலவிடத்தும் வருவன. இளங்கோவடிகள் பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றித் தம் இயல்பு திரிந்துழி எய்தும் நிலையே பாலை எனக் காட்டியிருத்தலை நம் வகுப்பு மாணவர் யாவரும் அறிவர். ஒரு நிலம் தன் தன்மையினின்று வழுவி மற்றொன்றாகலாம் என்னும் அக்கருத்தே இக்கட்டுரைக்கு அடிப்படையாம்.

புலவர் மரபில் ஒன்றை மட்டும் முதற்கண் விலக்கிவிட வேண்டும். மூங்கில்கள் காற்றில் ஒன்றோடொன்று உராய்ந்து தீப் பிறக்கும் என்பது அம்மரபு. பாட்டிற்கு அஃது அழகே. ஆனால் இந்தியக் காடுகளில் நேரும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையால் வருவதே என்பது வனத்துறையார் கண்ட முடிபு. மாட்டுக்குப் புதுப்புல் தளிர்க்கவேண்டி இடும் தீ, மத்திய இந்தியாவில் இலுப்பைப் பூப் பொறுக்கத் தரையைத் துப்புரவாக்க இடும் தீ, தேனெடுப்போர் கைப்பந்தம், வழிப்போக்கர் அணைக்காது எறியும் பீடித்துண்டு முதலியனவே பெரும்பாலும் காரணங்கள். மின்னலால் நேர்வன நம் நாட்டில் அரியன. இதனை ஈண்டுக் கூறுவதன் பயன் பின்னர்ப் புலனாகும்.

யாம் வாழும் வேளச்சேரிக்கு வடக்கே கிண்டிக் காடும் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் உள்ளன. கிண்டித் தேசியப் பூங்காவின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சதுப்புநிலம் 2022-ஆம் ஆண்டில் இராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், அச்சதுப்பை அடுத்துள்ள பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. ஓரிடத்தில் எரிவது அவ்விடத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதை எம் தெருவினர் அப்போது மூக்கினாலேயே கற்றனர். அதுவோ நகரத்துக் குப்பைத் தீ. தொலைவிலுள்ள காட்டில் எரியும் தீக்கும் சென்னை வாசிகளுக்கும் வேறொரு தொடர்பு இப்போது ஏற்பட்டுள்ளது. அது பணத்தால் வந்த தொடர்பு. வானூர்தியில் ஏறுவோரும், பெருங் கணிப்பொறி நிறுவனத்தாரும், தாம் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஈடாக எங்கோ ஒரு காட்டில் மரம் வளர்ப்பதற்குப் பொருள் கொடுத்து, அவ்வளவில் தம் கணக்கு நேராயிற்று என எழுதிக்கொள்கின்றனர். வணிகர் இதனைக் ‘கார்பன் கிரெடிட்’ என்பர். யாம் இக்கட்டுரையில் கரிவரவு என வழங்குவோம். அக்காடு எரிந்துபோயின் அக்கணக்கு என்னாகும் என்பதே ஈண்டு எழும் வினா.

முதலில் கணக்கின் அடிப்படையைக் காண்பாம். மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகளால் உட்கொண்டு, வெயிலின் துணையால் அதிலுள்ள கரியைத் தன் உடலாக மாற்றிக்கொள்ளுகிறது. நன்கு உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. கரியின் அணுவெடை 12. அது பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவானபோது எடை 44 ஆகும். ஆகவே உலர்ந்த எடையில் ஒரு டன் உள்ள மரம் அரை டன் கரியைக் கொண்டது. அதாவது ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயுவைக் காற்றினின்றும் வாங்கி வைத்திருக்கிறது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கரிவரவு என்பது வணிகரின் அளவை. மரம் எரிந்தால் அல்லது மக்கினால் வாங்கி வைத்தது மீண்டும் காற்றுக்கே செல்லும். ஒரு பெருமரம் நூறாண்டில் தேடிச் சேர்த்ததை ஒரு பிற்பகல் செலவழித்துவிடலாம். கணக்கு இவ்வளவே, இதில் அரிது ஒன்றும் இல்லை.

அரியது காலம் பற்றிய கேள்வி. சுரங்கத்தினின்றும் எடுத்து எரித்த நிலக்கரியால் வானேறிய வாயுவில் ஒரு பகுதியைக் கடலும் நிலமும் சில பத்தாண்டுகளில் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே தங்கும் என்று அறிவியலார் கூறுவர். காட்டைக் காட்டிக் கரிவரவு விற்போரோ நாற்பது ஆண்டு என்றும், மிக உறுதியானவர் நூறாண்டு என்றும் வாக்களிக்கின்றனர். ஆயிரமாண்டுக் கடனுக்கு நூறாண்டுப் பிணை கொடுப்பது எவ்வகை நீதி? அந்த நூறாண்டும் காடு நிற்குமென்பதற்கு உறுதி யாது? கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் இம்முறையை வகுத்தோர் இவ்வினாவை அறியாதவரல்லர். 2003-ஆம் ஆண்டு மிலான் நகரில் கூடிய மாநாட்டில், மரம் வளர்ப்புத் திட்டங்களால் வரும் கரிவரவு தற்காலிகமானதே என்றும், காலம் கழிந்தபின் வாங்கியவர் அதற்கு ஈடாக வேறொன்று வைத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். எம் கருத்தில் அது நேர்மையான விதி. ஆயினும் காலாவதியாகும் சரக்கை வாங்க வணிகர் பெரிதும் விரும்பிலர். ஐரோப்பியச் சந்தை அதனை ஏற்கவேயில்லை. ஆகவே பின்னர் எழுந்த தனியார் திட்டங்களும் கலிபோர்னியா அரசின் திட்டமும் வேறு வழி கண்டன.

அவ்வழி காப்பு வைப்பு எனத்தகும். நம் நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் ஒவ்வொருவரும் இலாபத்தில் ஒரு பங்கைப் பொது நிதியில் விடுதல்போல, ஒவ்வொரு காட்டுத் திட்டமும் தான் ஈட்டிய கரிவரவில் ஒரு பகுதியை விற்காது பொதுவில் வைத்துவிடும். எங்கேனும் காடு எரிந்தால் அப்பொது வைப்பினின்றும் அவ்வளவு அழிக்கப்படும், வாங்கியவர்க்கு நட்டமில்லை. கேட்பதற்கு இம்முறை செவ்விதே. காப்புறுதி நிறுவனம் யாவும் இவ்வாறுதான் நடக்கின்றன. ஆனால் காப்புறுதி செய்வோன் இடரின் அளவை முன்னறிந்து தவணைப் பணம் விதித்தல் வேண்டும். நேற்றைய இடரை அளந்து நாளைக்குத் தவணை விதித்தவன் நிலை யாதாகும் என்பதற்குக் கலிபோர்னியாவே சான்று.

அங்கே நூறாண்டுத் தீயிடர்க்கென ஒவ்வொரு திட்டமும் வைத்த பங்கு மிகச் சிறிது. 2020-ஆம் ஆண்டில் ஆரிகன் மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினர் காட்டை லயன்ஸ்ஹெட் என்னும் தீயும், 2021-ஆம் ஆண்டு சூலையில் தொடங்கிய பூட்லெக் என்னும் தீ கிளமத் பகுதியில் கரிவரவு விற்ற மற்றொரு காட்டையும் உண்டன. பூட்லெக் தீ மட்டும் 1,60,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைச் சுட்டது. 2022-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இவ்விழப்புக்களைக் கணக்கிட்டு, திட்டம் தொடங்கிப் பத்தாண்டு நிறைவதற்குள், நூறாண்டுத் தீயிடர்க்கென வைத்திருந்ததில் குறைந்தது 95 விழுக்காடு செலவாயிற்று எனக் காட்டியது. பொது வைப்பு முழுவதையும் நோக்கின் ஐந்தில் ஒரு பங்கு அளவு தீக்கே சென்றது. எஞ்சிய தொண்ணூறு ஆண்டுக்குத் தீயிடர்ப் பங்கில் எஞ்சியது ஐந்து விழுக்காடே. வறட்சி, பூச்சி, மரநோய் ஆகியவற்றுக்கு வேண்டியதும் அதே பொது வைப்பினின்றுதான் வரல் வேண்டும் என்பதையும் நினைக.

தீ இங்ஙனம் மிகுவதற்குக் காரணம் யாது? கிழவர் கைவிளக்கைக் கவிழ்த்ததனால் அன்று. உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நாளைவிட ஒரு டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்துள்ளது. வெப்பம் ஒரு டிகிரி ஏறுந்தோறும் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு மிகுதியான ஈரத்தைத் தாங்கவல்லதாகிறது. தாங்கவல்லது என்றோமேயன்றித் தாங்குகிறது என்றோமல்லேம். மழையில்லாத மாதத்தில் அவ்வெறுங்காற்றுத் தன் தாகத்தைத் தணிக்க, சருகிலும் சுள்ளியிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். ஈரமிழந்த சருகு ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பொறி பெரும்பாலும் மனிதன் தருவதே என்று முன்னர்க் கூறினோம். ஆகலின் நம் நாட்டில் காலநிலை மாற்றம் தீயை மூட்டுவதன்று. மூட்டிய தீ அணையாது பரவுதற்குரிய நாட்களை அது நீட்டிவிடுகிறது. வடநாடுகளில் மின்னலும் துணை நிற்கும். 2023-ஆம் ஆண்டில் கனடா நாட்டுக் காடுகள் எரிந்து வெளியிட்ட கரியின் அளவு, சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிடும் அளவுக்கு மட்டுமே குறைந்தது. பிற நாடு ஒவ்வொன்றின் அளவையும் அது விஞ்சியது.

இனி நம் நாட்டை நோக்குவாம். தேராதூனிலுள்ள இந்திய வனஅளவைத் துறையினர் 2004-ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத் தீயைக் கண்டு மாநிலங்களுக்கு அறிவித்து வருகின்றனர். இந்தியக் காட்டுப் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டது அடிக்கடி தீப்பற்றும் தன்மையது என்பது அவர் மதிப்பீடு. தமிழ்நாட்டில் பிப்ரவரி முதல் கோடை மழை வரும் வரை அஞ்சத்தக்க காலம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துப் போடிக்கு மேலுள்ள குரங்கணி மலைச்சரிவில் பற்றிய தீயைத் தமிழகம் மறவாது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றிருந்தோர் இடையில் அகப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலும் இளையோர்; எம்மிற் சில ஆண்டே மூத்தோர். அங்கே எரிந்தது பெருமரக் காடன்று, ஆளுயர்ந்த காய்ந்த புல் என்பது கருதத்தக்கது. புல்லின் தீ மரத்தின் தீயினும் விரைந்து மலையேறும். மேல்நோக்கிச் செல்லும் தீ தன்முன் உள்ளதை உலர்த்திக்கொண்டே செல்லுதலால் ஓடுவோரை எளிதில் முந்திவிடும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை விளக்கல் வேண்டும். கலிபோர்னியாவில் ஊசியிலை மரங்களின் உச்சிவரை தீ ஏறி மரத்தையே கொல்லும். நம் முதுமலை, சத்தியமங்கலக் காடுகளிற் காணும் இலையுதிர் மரங்கள் வேறு இயல்பின. தேக்கும் வெக்காலியும் மருதும் கோடையில் இலையுதிர்த்து நிற்கும். தீயோ தரையிலுள்ள சருகையும் புல்லையும் உண்டு மரத்தடியைச் சுட்டுச் செல்லும். தடித்த பட்டையுடைய முதுமரம் பிழைத்துக்கொள்ளும். இதனைக் கண்ட சிலர், ‘அங்ஙனமாயின் நம் காட்டுக் கரிக்கு இடையூறில்லை’ என்பர். அவர்க்கு விடை முதுமலையிலேயே உள்ளது. 1988-ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை வரையறுத்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு கன்று முதல் அனைத்துக்கும் எண்ணிட்டு, எது இறந்தது எது புதிதாய் வந்தது என ஆண்டுதோறும் எழுதிவரத் தொடங்கினர். முதற் பத்தாண்டுக்குள்ளேயே அந்நிலத்தைத் தீ பலமுறை கடந்து சென்றது. பெருமரங்கள் பெரும்பாலும் நின்றன. இறந்தவை சிறு கன்றுகள். அவற்றுட் சில வேரினின்றும் மீண்டும் தளிர்த்தன. தளிர்த்தவற்றை அடுத்த தீ மீண்டும் தரைமட்டமாக்கியது.

இதன் பொருளைச் சிந்திக்க. இன்று வானத்திலிருந்து படம் பிடித்துக் கணக்கெடுப்போர்க்குக் காடு நிறைந்தே தோன்றும். கரிக் கணக்கும் குறையாது. ஒரு வீட்டில் முதியோர் நலமாயிருக்கக் குழந்தைகள் மட்டும் ஆண்டுதோறும் மாய்வதை ஒப்பது அந்நிலை. முதுமரம் தன் முறையில் வீழும்போது அவ்விடத்தை நிரப்ப ஒன்றும் இராது. பல பத்தாண்டு கழித்து அது கணக்கில் வரும். அப்போது கரிவரவை விற்றவரும் வாங்கியவரும் இரார். தீ ஒருமுறை வந்தால் தீங்கில்லை. ஒரு கன்று தீக்குத் தப்புமளவு உயர்தற்கு வேண்டிய ஆண்டுகள் இடையே கிடைக்கவில்லையெனின் காடு பாலையாகும். நம் புலவர் கூறிய திரிதல் இதுவே போலும்.

தீயை அறவே ஒழித்துவிட்டால் போதாதோ எனின், அதுவும் எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. 1864-ஆம் ஆண்டில் இந்திய வனத்துறை நிறுவப்பட்ட காலத்திலேயே மத்திய மாகாணங்களில் உள்ள போரிக் காட்டில் தீத்தடுப்பு முயற்சி தொடங்கிற்று. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைத்தலைக் குற்றமாக்கியது. அது தொட்டு மலைவாழ் மக்கள் கையிலிருந்த தீ களவுத்தீயாயிற்று. பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர், பனிக்காலம் முடியுமுன் சருகை மட்டும் மெல்ல எரிக்கும் வழக்கத்தைத் ‘தரகு பெங்கி’ என்பர். அது நின்றபின் உண்ணிச்செடி காடெங்கும் மண்டிற்று என்பது அவர் கூற்று. அதனை ஆராய்ந்த அறிஞரும் அக்கூற்றில் உண்மை உண்டென்கின்றனர். உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்காகக் கொணரப்பட்டது. இன்று தென்னிந்தியக் காடுகளில் ஆளுயரத்திற்கு மேல் புதராய் நின்று, தரையிலுள்ள தீ மரக்கிளைக்கு ஏறுதற்கு ஏணியாக அமைகிறது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பந்திப்பூர்க் காட்டில் நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது அப்புதரின் வலிமையைக் கண்டனர். ஆகவே தடுத்த தீயே சேர்த்து வைத்த தீயாகவும் மாறுதல் உண்டு.

ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் இவ்வுண்மையையே கரிவரவாக்கியுள்ளனர். மேற்கு ஆர்னம் நிலத்துப் பழங்குடியினர் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், கோடையின் முற்பகுதியிலேயே சிறு சிறு தீயிட்டுப் பெருந்தீக்கு வழியில்லாமற் செய்கின்றனர். அதனால் குறையும் நச்சுவாயுக்களின் அளவுக்கு ஒரு பெரு நிறுவனம் ஆண்டுதோறும் பணம் செலுத்த ஒப்பந்தம் செய்தது. தீயிட்டோர்க்கு ஓரிடத்தில் தண்டனை, மற்றோரிடத்தில் ஊதியம். சோலிகர் இதனைக் கேட்பின் யாது கூறுவரோ! அவ்வழியை அப்படியே இங்கு எடுத்தாளலாம் என யாம் துணிந்து கூறோம். ஆங்குள்ளது புல்வெளி மிகுந்த பரந்த நிலம். மக்கள் நெருக்கம் மிகக் குறைவு. நம் காடுகளோ ஊர்கள் சூழ்ந்தவை. ஆயினும் காட்டை அறிந்தோரைக் கேளாது காட்டின் கணக்கெழுதுதல் தகாது என்பது இரு நாட்டுக்கும் பொருந்தும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள உயர்நிலப் புல்வெளியைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளையர் காலத்திலும் அதன் பின்னும் ‘வெறும் புல்’ என எண்ணி அவற்றிற் சீகையும் தைலமரமும் பைனும் நட்டனர். கரிவரவு நோக்குடையோர் இன்னும் அவ்வாறே எண்ணக்கூடும். மரம் மிகுந்தால் கரி மிகும் என்பது அவர் வாய்பாடு. ஆனால் புல்லின் கரி பெரும்பாலும் வேரிலும் மண்ணிலும் கிடக்கிறது. மேற்புல் எரிந்தாலும் அது பெரும்பாலும் போகாது; அடுத்த மழையில் புல் மீளும். மரத்தின் கரியோ நிலத்தின் மேல் விறகாக நிற்கிறது. 2018-ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, வறட்சியும் தீயும் மிகும் நாட்களில் அம்மாநிலத்துப் புல்வெளி காட்டினும் நம்பத்தக்க கரிக் களஞ்சியம் என்றது. சோலையையும் புல்லையும் அடுத்தடுத்து வைத்த இயற்கையின் அமைப்பைக் கலைத்து, எரியும் மரத்தை நட்டு, அதனை இலாபமென எழுதுவது எம் மதியில் பெருங் கேடு.

இவ்வளவும் கேட்டபின், காட்டைக் கரிக்காகப் பேணும் முயற்சி எங்கும் பயனற்றது என அன்பர் முடிவு கட்ட வேண்டா. மேகாலயத்துக் காசி மலையில் நடைபெறும் முயற்சி நம் கவனத்துக்குரியது. மாப்லாங் என்னும் ஊரிலுள்ள தெய்வக்காடு பெயர் பெற்றது. அங்கிருந்து ஓரிலையும் எடுத்துச் செல்லலாகாது என்பது வழக்கு. அதைச் சூழ்ந்த பகுதியிலோ விறகுக்கும் கரிசுடுதற்கும் கல்லுடைத்தலுக்கும் கோடைத் தீக்கும் இரையாகிக் காடு தேய்ந்து வந்தது. ‘ஹிமா’ எனப்படும் பழைய குடியாட்சிகள் பத்து ஒன்றுகூடி, 2011-ஆம் ஆண்டு முதல், உமியம் ஆற்றின் நீர்ப்பிடிப்பில் சுமார் 27,000 ஹெக்டேர் நிலத்தைப் பேணத் தலைப்பட்டன. இந்தியாவில் மக்களே நடத்திக் கரிவரவு பெற்ற முதல் காட்டுத் திட்டம் இஃதென்பர்.

அங்கே அவர் முதன்மையாகச் செய்தது மரம் நடுதலன்று, தீயை மறித்தலே. பனிக்காலத்தில் ஊரார் கூடிச் சரிவுகளிற் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகள் இடுகின்றனர். தீக்காலத்தில் ஊர் இளைஞர் காவல் செல்கின்றனர். தீயும் மேய்ச்சலும் நின்ற இடத்தில், வெட்டுண்ட அடிமரங்கள் தாமே துளிர்த்துக் காடாகின்றன. விறகு குறைவாக உண்ணும் அடுப்புக்களை வீடுகளுக்கு வழங்கினர். கரிவரவால் வரும் பணம் ஊர்களுக்குச் செல்கிறது. இதில் யாம் காணும் சிறப்பு யாதெனின், தீயை மூட்டக்கூடிய கையும் தடுக்கக்கூடிய கையும் ஒன்றே என்பதை அவர் உணர்ந்ததே. காட்டுத் தீ நம் நாட்டில் பெரும்பாலும் மனிதரால் வருவது என்னும் உண்மை வருந்தத்தக்கதாயினும், அதிலே ஒரு நம்பிக்கையும் உண்டு. மின்னலை யாரும் கூட்டம் போட்டு நிறுத்த முடியாது. ஊராரை அழைத்துப் பேச முடியும்.

இந்திய அரசு 2015-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையை ஒட்டி, 2030-ஆம் ஆண்டுக்குள் காடும் மரமும் வளர்த்து 250 முதல் 300 கோடி டன் வரை கரியமில வாயுவைக் கூடுதலாக ஈர்ப்பதாக உறுதி கூறிற்று. தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலப் பரப்பில் மரப்போர்வையை 33 விழுக்காடாக உயர்த்தக் கருதியது. இவை நாட்டின் கடமைகள். இவற்றை யாம் குறை கூறவில்லை. நாடு தன் காட்டை அளக்கும்போது எரிந்ததும் அளவில் வரும். மறு அளவையில் குறைந்ததாகவே காணும். விற்றுத் தீர்ந்த கரிவரவின் நிலை அத்தகையதன்று. வாங்கியவர் தம் ஆலையில் அவ்வளவு நிலக்கரியை முன்னரே எரித்துவிட்டார். காடு எரிந்த பிறகு அதனைத் திரும்பப் பெற வழியில்லை; வானிலே இருமடங்கு கரி ஏறியதே மிச்சம். ஆகவே காட்டைப் பேண வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும்; ஆனால் அப்பணம் வேறொருவன் எரிப்பதற்கு அனுமதிச் சீட்டாதல் கூடாது என்பதே எம் துணிபு. வாங்குவோர் அதனைத் தம் கணக்கில் கழித்துக்கொள்ளாது நன்கொடை என எழுதட்டும். அன்றிக் கழித்துத்தான் தீருவேம் எனின், மிலானில் வகுத்தபடி காலவரையறையோடு வாங்கட்டும். காப்பு வைப்பை நேற்றைய தீயைக்கொண்டு அளவாது இனிவரும் வெப்பத்தைக்கொண்டு அளந்து வைக்கட்டும்.

நட்டத்தை யார் தாங்குவது என்பதும் எண்ணத்தக்கது. இப்போதுள்ள ஒப்பந்தங்கள் பலவற்றில் வாங்கியவர்க்குக் காப்பு உண்டு. விற்ற திட்டத்தார்க்கும் ஓரளவு உண்டு. தீ வந்தபோது பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுபவர்க்கு யாது உண்டு? நம் மலைக்காடுகளில் தீத்தடுப்புக் காவலராக நியமிக்கப்படுவோர் பெரும்பாலும் அவ்வூர்ப் பழங்குடியினர். சனவரி அளவில் கூலிக்கு அமர்த்தப்பட்டுக் கோடு செதுக்கி, இரவும் பகலும் சரிவுகளை நோக்கியிருந்து, மழை இறங்கியதும் அனுப்பப்படுவர். நூறாண்டு நிற்கும் எனக் காட்டை விற்கும் ஒப்பந்தத்தில் இவர்க்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும் ஒரு வரியேனும் இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குதலும், கன்றுகளை எண்ணிக் குறித்தலும், எங்கே எத்தனை ஆண்டாகத் தீ வரவில்லை என்று எழுதி வைத்தலும் அவர் செய்யத்தக்க பணிகளே. முதுமலையில் ஐம்பது ஹெக்டேரில் அறிஞர் செய்துவரும் வேலையை ஒவ்வொரு திட்டக் காட்டிலும் ஒரு சிறு பகுதியிலாவது ஊரார் செய்யலாம். அதற்கு வேண்டியன வண்ணப்பூச்சு, அளவுநாடா, ஏடு, ஓர் எழுதுகோல் ஆகியவையே.